லயன் காம்பராவில் ஓர் அலுவலகம்

2020 மார்ச் 20 மாலை இலங்கை முழுவதும் ஊரடங்கு வந்ததும் கொழும்புத் தேயிலை ஏலம் நின்றது. 1883இல் தொடங்கிய ஏலம் அது. ஏப்ரல் தொடக்கத்தில் இணையவழி மீண்டும் நடந்தபோது தரகர்களும் கொள்வனவாளர்களும் அவரவர் வீட்டிலிருந்தே விலை பேசினார்கள். பெருந்தோட்டங்களுக்கோ ஊரடங்கிலிருந்து விலக்கு. பலாங்கொடை, இறக்குவானை மலைகளில் பெண்கள் வழக்கம்போலக் காலை ஆள்கணக்கெடுப்பான பிரட்டுக்குப் போய்க் கொழுந்து பறித்தார்கள். அவர்கள் பறித்ததால்தான் ஏலத்துக்குத் தேயிலை இருந்தது.

கொழுந்தை வீட்டிலிருந்து பறிக்க முடியாது. ஆனால் அந்தப் பெண்களின் பிள்ளைகளில் பலர் உயர்தரம் முடித்து, கணினி பழகி, கொழும்பில் கணக்கு வேலைக்கும் வாடிக்கையாளர் சேவைக்கும் போகிறார்கள். மாவட்ட நகரான இரத்தினபுரியிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 100 கிலோமீற்றர். தோட்டத்திலிருந்து டவுனுக்கு இறங்குவதே தனிப் பயணம். போர்டிங் வாடகையும் சாப்பாடும் போக வீட்டுக்கு அனுப்ப மிஞ்சுவது கொஞ்சம். வாரத்தில் சில நாட்களாவது தோட்டத்திலிருந்தே வேலை செய்யலாம் என்றால், அந்தக் குடும்பத்துக்கு அதுவே சம்பள உயர்வு.

நிறுவனத்துக்கும் இதில் நட்டமில்லை. சீனாவின் சீட்ரிப் பயண நிறுவனம் தன் தொலைபேசிச் சேவை ஊழியர்களை ஒன்பது மாதம் வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டுப் பார்த்தது. ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் நிக்கலஸ் புளூமும் சக ஆய்வாளர்களும் 2015இல் வெளியிட்ட முடிவின்படி, அவர்களின் வேலைத்திறன் 13 சதவீதம் கூடியது. வேலையை விட்டுப் போவோர் பாதியாகக் குறைந்தனர். அலுவலக இடம் மிச்சமானது. மறுபக்கமும் உண்டு. தனிமை தாளாமல் பலர் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். கண்ணில் படாதவர்கள் பதவி உயர்விலும் பின்தங்கினார்கள்.

அந்தச் சோதனையில் சேர ஒரு நிபந்தனை இருந்தது: வீட்டில் தனி அறை வேண்டும். என் மனம் அங்கேதான் நிற்கிறது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில் ஒரு குடும்பத்துக்கான அறை, பழைய லயன் காம்பரா, 10க்கு 12 அடி. சமையல், படுக்கை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அதற்குள்தான். பக்கத்துக் காம்பராவின் ரேடியோ சுவரைத் தாண்டி வரும். மழை பிடித்தால் சிக்னல் போகும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்சாரம் வெட்டப்பட்ட நாட்டில், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு வெளிச்சமும் சொந்தப் பொறுப்பு.

அலுவலக வாடகையை மிச்சம் பிடிக்கும் நிறுவனம் அந்தச் செலவை 120 சதுர அடிக் குடும்பத்தின் தலையில் இறக்கி வைப்பது அநியாயம். இணையக் கட்டணமும் மின்கலமும் நாற்காலியும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். தோட்டத்தில் பாவனையில்லாத பிள்ளைமடுவமோ வாசிகசாலையோ இருந்தால், தோட்ட நிர்வாகமும் பிரதேச சபையும் சேர்ந்து அதை மேசை, மின்சாரம், இணையத்தோடு பொது வேலையிடமாக்கலாம். கூடவே நாலு பேர் இருந்தால் தனிமையும் குறையும். பெண்பிள்ளைகளை ஊரைவிட்டு அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கும் அது நிம்மதி.

மலையில் வேலை செய்வோருக்கும் இப்போது நேரச் சுதந்திரம் காட்டப்படுகிறது: தேயிலைத் துண்டைக் குடும்பத்திடம் ஒப்படைத்து, பறித்த கிலோவுக்குப் பணம் தரும் முறை. பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு மலைக்குப் போகலாம் என்பது ஒரு தாய்க்குச் சிறிய விடயமல்ல. ஆனால் தோட்டத்தின் தொழிலாளர் பதிவேடான செக்றோலில் பேர் இல்லாமல் போனால், தோட்டம் கட்டும் 12 சதவீத ஊழியர் சேமலாப நிதியும் 3 சதவீத நம்பிக்கை நிதியும் போய்விடும். கிலோக் கணக்குக்கு மாறும் ஒவ்வொரு தோட்டத்திடமும் தொழிற்சங்கங்கள் அந்த 15 சதவீதத்தை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.