ஷாங்காயில் எந்தக் கரையில் தங்குவது?

டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு ஷாங்காய் என்று முடிவானதுமே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு இரண்டு கட்சியானது. பிள்ளைகளுக்கு மேகத்தைத் தொடும் ஹோட்டல் வேண்டும். அம்மாவுக்கோ வாசலில் இறங்கியதும் தெருவில் நடக்கவேண்டும். “ஒரு தடவைதானே, நல்ல ஹோட்டலிலேயே தங்குவோம்” என்று என் கணவர் சொன்னதை மட்டும் யாரும் எதிர்க்கவில்லை.

ஷாங்காயில் ஹோட்டலுக்கு எத்தனை நட்சத்திரம் என்று பார்ப்பதற்குமுன் எந்தக் கரை என்று பாருங்கள். ஹுவாங்பு ஆறு நகரை இரண்டாகப் பிரிக்கிறது. மேற்கே பழைய பூஷி, அதன் ஆற்றோரத்தில் ‘பண்ட்’ எனப்படும் பழங்கட்டட வரிசை. கிழக்கே பூடோங், அங்கே வானுயர்ந்த கோபுரங்கள். படங்களில் நாம் பார்த்து மயங்கும் அந்தக் கோபுரக் காட்சி பண்டில் நின்று பார்ப்பது. கோபுரத்துக்குள்ளேயே தங்கினால் கோபுரம் தெரியாதே!

பூடோங்கில் மூன்று கோபுரங்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஜின் மாவ் கோபுரத்தின் 53ஆம் மாடியிலிருந்து மேலே, 1999 முதல் கிராண்ட் ஹயாட் இருக்கிறது. அதன் நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்தால் 30க்கும் மேற்பட்ட மாடிகள் வளையம் வளையமாக உயரும். அடுத்து 492 மீட்டர் உயர உலக நிதி மையம். பாட்டில் திறப்பான் போன்ற உச்சி கொண்ட அதில் பார்க் ஹயாட், 79ஆம் மாடியிலிருந்து 93 வரை. மூன்றாவது, 632 மீட்டர் ஷாங்காய் கோபுரம். அதன் உச்சிப் பகுதியில் 2021ல் ஜே ஹோட்டல் திறக்கப்பட்டது.

இவற்றில் தங்கும் சுகம் தனிதான். ஆனால் இந்த உயரத்தில் மேகம் வந்தால் ஜன்னல் வெள்ளைச் சுவர். நம் ஜூன் விடுமுறையின் பிற்பாதியில் அங்கே ‘பிளம் மழை’ தொடங்கும், வாரக்கணக்கில் தூறிக்கொண்டிருக்கும். காட்சிக்காகவே காசு கொடுப்பவர்கள் ஜூனில் யோசிக்கவேண்டும். இன்னொன்று, பார்க் ஹயாட்டின் வரவேற்பறையே 87ஆம் மாடியில். அறையிலிருந்து தெருவுக்கு வர மின்தூக்கி மாறவேண்டும். மறந்த குடையை எடுக்கத் திரும்பிப் போக யாருக்கும் மனம் வராது.

அம்மாவின் மூட்டுவலியை நினைத்து நாங்கள் பூஷியைத் தேர்ந்தெடுத்தோம். 1929ல் விக்டர் சசூன் கட்டிய பச்சைக் கூரைக் கட்டடம், இன்று பீஸ் ஹோட்டல். சசூன் குடும்பம் பம்பாயில் வணிகமும் பஞ்சாலையும் நடத்திப் பணம் சேர்த்த குடும்பம் என்றதும் அம்மாவுக்கு அந்தக் கட்டடத்தின்மேல் ஒரு பாசம். முதியவர்கள் வாசிக்கும் ஜாஸ் குழுவுக்கும் அது பெயர் போனது. புதிய கட்டடமும் பண்டும் சேர்ந்து வேண்டுமென்றால் 2009ல் திறந்த பெனின்சுலா இருக்கிறது.

இந்தப் பழைய கட்டடத்தின் ஆற்றுப் பக்க முகப்பு குறுகலானது. ஆறு தெரியும் அறைகள் குறைவு, விலையோ மிக அதிகம். நாங்கள் நகரப் பக்க அறையையே எடுத்தோம். சாலையைக் கடந்தால் ஆற்றங்கரை நடைபாதை, காட்சி இலவசம். இரவு பத்து மணிவாக்கில் கோபுர விளக்குகளை அணைத்துவிடுவார்கள், சாப்பாட்டை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். சைவம் சாப்பிடுபவர்களுக்கு நான்ஜிங் மேற்குச் சாலையில் 1922 முதல் இயங்கும் கோங்டேலின் சைவ உணவகம் உண்டு.

பணம் கட்டுமுன் இரண்டு விஷயம் கேளுங்கள். பெரிய ஹோட்டல்கள் பல, சொல்லும் விலைக்குமேல் சேவைக் கட்டணம் 10 விழுக்காடும் அதன்மேல் வரி 6 விழுக்காடும் சேர்க்கின்றன. 2,000 யுவான் அறை 2,332 யுவான் ஆகிவிடும். அடுத்தது, ஓர் அறையில் எத்தனை பேர்? பாட்டிக்குத் தனிக் கட்டில் தருவார்களா, அல்லது உட்கதவு உள்ள இரண்டு அறைகளா என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் வாய்ப்பேச்சை நம்பியதில், முதல் இரவு மூத்தவன் சோபாவில் படுத்தான்.

கோபுரக் கட்சியைச் சமாதானப்படுத்த, ஒரு மாலை எல்லாருமாக ஆற்றுக்கு அடியில் ஒரே ஒரு ரயில் நிறுத்தம் தாண்டிப் போய், 87ஆம் மாடியில் தேநீர் குடித்தோம். ஏறும்போது எல்லாருக்கும் காதடைத்தது. மேகம் இல்லை. பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டிருக்க, அம்மா கண்ணாடியோரம் நின்று அக்கரையில் எங்கள் பச்சைக் கூரையைத் தேடிக்கொண்டிருந்தார்.