தட்டில் ஒரு தோட்டம்

'தோட்டம்' என்னும் சொல்லுக்கு நம் நாட்டுத் தமிழரிடையே இரண்டு பொருள் உண்டு. பூவும் காயும் விளையும் கொல்லைப்புறம் ஒன்று. பால்மரங்கள் வரிசையாக நிற்க, லயங்களும் மாரியம்மன் கோயிலும் ஆயாக்கொட்டகையும் தமிழ்ப்பள்ளியும் ஒருங்கே அமைந்திருந்த ரப்பர்த் தோட்டம் மற்றொன்று. நம் பாட்டன்மாரைப் பார்த்து "நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டால், ஊரின் பெயரைச் சொல்லமாட்டார்கள், தோட்டத்தின் பெயரையே சொல்வார்கள். இக்கட்டுரையில் நாம் கூற வந்தது இவ்விரண்டிலும் சிறிதான, ஒரு தட்டில் அடங்கிவிடும் தோட்டத்தைப் பற்றியதாகும். அதைச் செய்யத் தொடங்கிய பிள்ளைகள் பெரிய தோட்டத்தில் போய் நின்ற விதத்தையும் சொல்வோம்.

மேலைநாட்டுச் சிறுவர் கதைகளில் இறகு முளைத்த குட்டித் தேவதைகள் வருவதை நம் மாணவச் செல்வங்கள் அறிவார்கள். இங்கிலாந்து, அயர்லாந்து முதலிய நாடுகளின் பூங்காக்களிலும் சிறு காடுகளிலும் 'தேவதைப் பாதை' என்று ஒன்றை அமைத்திருப்பர். மரத்தின் வேரடியில் ஒரு சாண் உயரங்கூட இல்லாத கதவு; சற்றுத் தொலைவில் விரலளவு ஏணி; பொந்தினுள் ஒரு நாற்காலி. சிறுவர்கள் பெற்றோருடன் அவற்றைத் தேடிக்கொண்டே நடப்பார்கள். வீடு திரும்பியதும் ஒரு தொட்டியில் செடியும் பாசியும் கூழாங்கல்லும் வைத்துத் தாங்களும் ஒரு தேவதைத் தோட்டம் செய்வார்கள். அமெரிக்காவில் ஆன் ஆர்பர் என்னும் நகரில் 2005ஆம் ஆண்டிலிருந்து கடைகளின் சுவர்களிலேயே இத்தகைய கதவுகள் தோன்றலாயின. ஆர்வம் மிகுந்து தொல்லையானதும் உண்டு. இங்கிலாந்தின் வேஃபோர்டு காட்டில் வந்தவரெல்லாம் ஆளுக்கொரு கதவைக் கொண்டுவந்து மாட்ட, இருநூறுக்கும் மேல் சேர்ந்துவிட்டன. 2015ஆம் ஆண்டில் அக்காட்டைப் பராமரிப்போர் கட்டுப்பாடு விதிக்க வேண்டியதாயிற்று.

"இல்லாத ஒன்றை இருப்பதாகப் பிள்ளைகளுக்குச் சொல்வது பொய்யாகாதா?" என்று பெற்றோர் சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. 1917ஆம் ஆண்டு இங்கிலாந்தில் காட்டிங்லி என்னும் ஊரில் எல்சி, பிரான்சிஸ் என்னும் இரு சிறுமியர் ஓடைக்கரையில் தேவதைகளுடன் நிற்பதுபோல் படம் பிடித்தனர். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயிலே அப்படங்களை மெய்யென நம்பிக் கட்டுரை எழுதினார். அட்டையில் வரைந்து வெட்டிய உருவங்கள் அவை என்று அவ்விருவரும் முதுமையில், 1983ஆம் ஆண்டில்தான் ஒப்புக்கொண்டனர். இதில் ஏமாந்தவர்கள் பெரியவர்களேயன்றிச் சிறுவர்கள் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். தன் கையால் செய்த குழந்தைக்கு அது விளையாட்டு என்பது நன்றாகவே தெரியும்.

இவ்விளையாட்டு நமக்குப் புதிதுமன்று. சிறுமியர் மணலில் வீடு கட்டி விளையாடுவதைச் 'சிற்றில்' என்று நம் இலக்கியம் போற்றுகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் 'சிற்றில் பருவம்' என ஒரு பருவமே உண்டு. தாங்கள் கட்டிய மணல்வீட்டைக் காலால் அழிக்க வேண்டாம் என்று சிறுமியர் குழந்தைத் தலைவனிடம் வேண்டுவது அதன் பொருள். நவராத்திரிக் கொலுவின்போது படிகளுக்குக் கீழே பிள்ளைகள் அமைக்கும் பூங்காவைப் பாருங்கள். கடுகு முளைத்தால் புல்வெளி; கண்ணாடித் துண்டு வைத்தால் குளம்; தீப்பெட்டியை நிறுத்தினால் வீடு. மேலைநாட்டார் கடையில் விலைகொடுத்து வாங்கும் தேவதைத் தோட்டத்தை நம் வீட்டுப் பிள்ளைகள் அடுக்களைப் பொருள்களைக் கொண்டே செய்துவந்திருக்கின்றனர். காட்டில் கண்ணுக்குப் புலப்படாமல் வாழும் மக்களை 'ஓராங் பூனியான்' என்று மலாய்க்காரர்கள் கூறுவதுண்டு. ஆகவே கதைக்கும் பஞ்சமில்லை.

நம் பள்ளியில் இதைத் தொடங்குமுன், பிள்ளைகளை முதலில் ஒரு தேவதைப் பாதையில் அழைத்துச் சென்றோம். கதவு எதையும் நாம் மாட்டவில்லை. பள்ளி வேலியைச் சுற்றி நூறடி தூரம், அரைமணி நேரம், "குட்டித் தேவதை ஒன்று இங்கு வந்தால் எங்கே தங்கும்?" என்பதொன்றே கேள்வி. குனிந்து பார்த்தால்தான் விடை கிடைக்கும். தாழ்வாரத்தின் மழைபடாத மணலில் புனல் வடிவக் குழிகள் இருந்தன. அவற்றின் அடியில் குழியானை பதுங்கியிருக்கிறது. சரிந்து விழும் எறும்பே அதற்கு இரை. புல்லிடையே தொட்டாற்சிணுங்கி. அதன் இலைக்காம்பின் அடியில் உள்ள சிறு முடிச்சிலிருந்து நீர் வெளியேறுவதால்தான் தொட்டவுடன் இலை மடிகிறது. வடிகால் சுவரில், சுருண்ட நுனியுடன் இளம் பெரணிகள். தையற்சிட்டு இலைகளைச் சேர்த்துத் தைத்த கூடு ஒன்றையும் கண்டோம். அதற்குள் கை வைக்கலாகாது என்று எச்சரித்தோம். காளான்களையும் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளச் செய்தோம்.

தேவதையை விடச் சிறிய அதிசயமும் நம் வட்டாரத்திலேயே இருக்கிறது. ஈப்போவை அடுத்த குனோங் ராப்பாட் என்னும் சுண்ணாம்புக் குன்றில் ஒன்றிரண்டு மில்லிமீட்டரே உள்ள நத்தையினம் ஒன்று வாழ்வதை 2008ஆம் ஆண்டில் ஆய்வாளர் உலகுக்கு அறிவித்தனர். பொதுவாக நத்தையோடு ஓர் அச்சைச் சுற்றியே சுருளும். இதன் ஓடோ நான்கு வெவ்வேறு அச்சுகளில் முறுக்கிக்கொள்கிறது. அந்தக் குன்றைத் தவிர வேறெங்கும் அது காணப்பட்டதாகச் செய்தியில்லை. குன்றைச் சுண்ணாம்புக்காக வெட்டிவிட்டால் அந்த இனமும் அதோடு போய்விடும்.

இனிச் செய்முறைக்கு வருவோம். அகன்ற மண்சட்டியோ பழைய பிளாஸ்டிக் தட்டோ போதும். ஆழம் நான்கு விரற்கடை இருத்தல் நலம். அடியில் துளையிட்டு, சிறு சரளைக்கல் பரப்பி, அதன்மேல் அடுப்புக்கரித் துண்டுகளைத் தூவி, பிறகு மண்ணுடன் தேங்காய்நார்த் தூளைக் கலந்து நிரப்ப வேண்டும். நீர் தேங்கினால் வேர் அழுகும். அதைத் தடுக்கவே சரளை. ஊறவைத்த கடுகை நெருக்கமாகத் தூவினால் இரண்டு மூன்று நாளில் முளைவிட்டு, ஒரு வாரத்தில் பசும்புல்வெளி ஆகிவிடும். பாதைக்கு ஆற்றுமணல், வேலிக்குச் சாத்தே குச்சி, வீட்டுக்குப் பாதிச் சிரட்டை. குளம் வேண்டுமென்று எல்லாக் குழந்தைகளும் கேட்பார்கள். கண்ணாடித் துண்டின் ஓரங்களை மண்ணில் புதைத்துக் குளமாக்குங்கள். உண்மையான நீரை வைக்காதீர்கள். தேங்கிய சிறிதளவு நீரும் டெங்கிக் கொசுவுக்குத் தொட்டிலாகும்.

மூடியுள்ள கண்ணாடிப் புட்டியிலும் தோட்டம் அமைக்கலாம். அதன் வரலாறு நம்மோடு நெருங்கிய தொடர்புடையது. 1829ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு, அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணுடன் புட்டியில் இட்டு மூடி வைத்தார். சில நாளில் அம்மண்ணிலிருந்து ஒரு பெரணியும் புல்லும் தாமாகவே முளைத்தன. பகலில் ஆவியாகும் நீர் கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணுக்கே இறங்குவதால் தண்ணீர் ஊற்றாமலே செடி வாழ்வதை அவர் கண்டுகொண்டார். அவ்வாறே செய்த கண்ணாடிப் பெட்டிகளில் செடிகள் கடல் கடந்து செல்லத் தொடங்கின.

1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து சுமார் எழுபதாயிரம் ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். ரப்பர் விதை சில வாரங்களிலேயே முளைக்கும் திறனை இழந்துவிடும். எனவே முளைத்தவை ஏறக்குறைய 2,700 மட்டுமே. அந்நாற்றுகளில் பெரும்பகுதி வார்டின் கண்ணாடிப் பெட்டிகளிலேயே இலங்கைக்குப் பயணம் செய்தது. 1877ஆம் ஆண்டில் 22 நாற்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுள் ஒன்பது நம் பேராக் மாநிலத்தின் கோலாகங்சாரில் நடப்பட்டன. அவற்றில் ஒன்று எனக் காட்டப்படும் முதிய மரத்தை அவ்வூரில் காணலாம். பிள்ளைகள் புட்டியில் செய்யும் குட்டித் தோட்டத்தின் மூதாதை, நம் பாட்டன்மாரைக் கப்பலேற்றி இங்கு வரவழைத்த பெருந்தோட்டங்களுக்கும் மூதாதை ஆகும்.

இதை வகுப்பில் சொன்னதும் ஒரு மாணவி, "அப்படியானால் நாம் பால்மரத் தோட்டமே செய்தால் என்ன?" என்றாள். நாம் எதிர்பாராத கேள்வி. தஞ்சோங் ரம்புத்தான் வட்டாரத்துப் பிள்ளைகளில் பலர் வீடமைப்புப் பகுதிகளில் பிறந்தவர்கள். மங்கில் பால் சொட்டுவதை ஒருமுறையேனும் பார்த்தவர் வகுப்பில் மிகச் சிலரே. 1950ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர் பலர் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தனர். சுங்கை சிப்புட் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த துன் வீ. தி. சம்பந்தன், தொழிலாளர் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டே தோட்டங்களை வாங்க 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர் பல இடங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. வேறு சில இடங்களில் வீடுகள் எழுந்தன. லயங்கள் இருந்த இடத்தைக் காட்ட அடையாளம் எதுவும் எஞ்சவில்லை.

எனவே அளவெடுக்கத் தொடங்கினோம். ஐந்து சென்டிமீட்டர் உயரப் பொம்மை ஒன்றரை மீட்டர் ஆளைக் குறிக்குமானால், அளவு ஒன்றுக்கு முப்பது. இருபது மீட்டர் மரம் 67 சென்டிமீட்டர் ஆகும். மர வரிசைகளுக்கிடையே ஆறு மீட்டர் என்றால் தட்டில் இருபது சென்டிமீட்டர். நம் தட்டின் நீளமே அறுபது! ஒரு கிலோமீட்டர்த் தோட்டத்துக்கு 33 மீட்டர் நீளத் தட்டு வேண்டும் என்று கணக்கிட்டுச் சொன்ன மாணவன், "ஒருவர் ஒரு நாளில் எத்தனை மரம் வெட்டுவார்?" என்று கேட்டான். நானூறு, ஐந்நூறு என்றோம். வகுப்பு சிறிது நேரம் பேசவில்லை.

முழுத் தோட்டத்தையும் விட்டு, லயத்து முற்றத்தை மட்டும் செய்வதென முடிவாயிற்று. பால்மர இலை ஒரு காம்பில் மூன்றாக இருக்கும். புளியாரை இனத்தில் நிமிர்ந்து வளரும் இளஞ்சிவப்புப் பூச்செடிக்கும் அவ்வாறே மூன்று சிற்றிலை. பள்ளி வேலியோரத்திலேயே கிடைத்தது. பால்மரத்துக்குப் பதிலாக அதை வரிசையாக நட்டோம். ஐஸ்கிரீம் குச்சிகளால் லயம் எழுந்தது. கோயிலை எங்கே வைப்பது என்பதில்தான் தடை ஏற்பட்டது. மாணவர் இருவரின் பாட்டிமாரைப் பள்ளிக்கு அழைத்தோம்.

"கோயில் கிழக்கே பார்த்து இருந்தது" என்றார் ஒருவர்.

"இல்லைக்கா, பெரட்டுக் களத்தைப் பார்த்துத்தான் இருந்தது" என்றார் மற்றவர்.

அரைமணி நேர வாதத்திற்குப் பின் அது ஒரே திசைதான் எனத் தெரியவந்தது. அதற்குள் தண்ணீர்க் குழாய், ஆயாக்கொட்டகை, பால் நிறுக்கும் ஸ்டோர், வெயிலில் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும் ரப்பர்க் காய்கள் என்று நாம் கேட்காத பலவும் தட்டுக்கு வந்து சேர்ந்தன. சிறுவயதில் அந்த விதைகளைக் கல்லில் உரசிச் சூடேற்றிப் பக்கத்திலிருந்தவர் கையில் வைத்ததைச் சொல்லி இரு பாட்டியரும் சிரித்தார்கள்.

இறுதியில் தேவதையை வைக்க வேண்டுமல்லவா? இறகு முளைத்த பொம்மையைப் பிள்ளைகள் ஏற்கவில்லை. விடியுமுன் இருட்டில், மரங்களுக்கிடையே தலைவிளக்குகள் மட்டும் அசைந்து செல்லும் என்று பாட்டி சொல்லியிருந்தார். தலையில் துணி கட்டி, கையில் வாளி ஏந்திய களிமண் உருவம் ஒன்றைச் செய்து, அதன் நெற்றியில் மஞ்சள் மணி ஒன்றை ஒட்டி, முதல் வரிசை மரத்தடியில் நிறுத்தினார்கள்.

வீட்டில் செய்து பார்க்க விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். கடுகுப் புல் பத்து நாளுக்கு மேல் நிற்காது. அதை அகற்றிக் கேழ்வரகு தூவலாம். தட்டை நேர்வெயிலில் வைக்காமல் சன்னலோரம் வைத்து, கையால் நீர் தெளித்தால் போதும். நம் ஊரின் பெயரைத் தாங்கிய ரம்புத்தானின் விதையைப் பழம் தின்ற அன்றே கழுவி ஊன்றினால் இரண்டு மூன்று வாரத்தில் முளைத்துவிடும்; காய்ந்த விதை முளைப்பதரிது. தட்டில் அது சில மாதங்களே தாங்கும். பிறகு நிலத்தில் நட வேண்டும். விதையிலிருந்து வளரும் ரம்புத்தான்களில் சில ஆண்மரங்களாக அமைந்துவிடும், அவை காய்ப்பதில்லை. நம் தட்டில் முளைத்த கன்றைப் பள்ளி வேலியோரம் நட்டிருக்கிறோம். அது எவ்வகை என்பது பூத்த பிறகே தெரியும்.