அரியலூரில் கிடைத்தது ராட்சதக் கால் எலும்பு!
தலை இல்லை, பல் இல்லை. உருவத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

திருக்கடையூர் கோவிலில் நாள்தோறும் கல்யாணம்தான். 60 வயதில் சஷ்டியப்த பூர்த்தி. 80 வயதில் சதாபிஷேகம். பேரன், பேத்திகள் சூழ்ந்து நிற்க, தாத்தா மறுபடியும் பாட்டிக்குத் தாலி கட்டுகிறார். 80 வயது என்றால் நமக்கு எவ்வளவு பெரிய வயது!

அந்த ஊர் மண்ணுக்குக் கீழே இருக்கும் பாறையின் வயதைக் கேட்டால் தலை சுற்றும். மேலே இருப்பது காவிரி கொண்டுவந்து சேர்த்த வண்டல். வெகு ஆழத்தில் கிடப்பவை, சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த பாறைகள். டெல்டாவில் வண்டல் மூடிய இந்தக் காலத்துப் பாறைகளை, மேற்கே அரியலூர்ப் பக்கத்தில் தரையிலேயே பார்க்கலாம். இந்தப் பகுதி முழுவதையும் 'காவிரிப் படுகை' என்கிறார்கள் நிலநூல் அறிஞர்கள்.

ஆள் உயர எலும்பு

அரியலூர் வட்டாரத்தில் கல்லமேடு என்று ஒரு கிராமம். அதன் அருகே சில எலும்புகள் கிடைத்தன. எலும்பு என்றால் சாதாரண எலும்பு அல்ல. கல்லாக மாறிய எலும்பு.

இடுப்பு எலும்புகள், தொடை எலும்பில் ஒரு துண்டு, முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு, முன்னங்கால் எலும்பு ஒன்று, வால் எலும்பு ஒன்று. அவ்வளவுதான்! முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம். நிறுத்தி வைத்தால் ஆறடி மனிதரையும் தாண்டி நிற்கும்!

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி என்ற இரு அறிஞர்கள் இதை 1987-ல் உலகுக்கு அறிவித்தார்கள். 'பிருகத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். பிருகத்காயம் என்றால் மாபெரும் உடல்.

புலி பசுவான கதை

அந்தப் பிராணி எதைத் தின்றது? மாமிசம் தின்னும் டைனோசார் என்றுதான் முதலில் கருதினார்கள். பிறகு மற்ற அறிஞர்கள் படங்களை ஆராய்ந்தார்கள். தூண் போன்ற கனத்த கால்; மலை போன்ற உடல். நீண்ட கழுத்தோடு இலை, தழை மேய்ந்த இனத்துக்குத்தான் இது பொருந்தும் என்றார்கள். புலி என்று பேர் வாங்கியது பசுவாகிவிட்டது!

சில எலும்புகளைக் கொண்டு இதையெல்லாம் சொல்ல முடியுமா? முடியும். எலும்பின் பருமன், அது தாங்கிய பாரத்தைச் சொல்லும். எலும்பின் மேல் உள்ள தழும்புகள், தசை ஒட்டியிருந்த இடத்தைக் காட்டும். கிடைக்காத பாகங்களுக்கு அதே இனத்து உறவுப் பிராணிகளைப் பார்த்துக்கொள்வார்கள். அர்ஜென்டினா நாட்டில் கிடைத்த ராட்சத டைனோசாரின் இதே எலும்பு சுமார் ஒன்றரை மீட்டர்தான். அப்படியானால் நம் கல்லமேட்டுப் பிராணி எவ்வளவு பெரிது!

2023-ல் இரு அறிஞர்கள் கணக்குப் போட்டார்கள். எடை 110 முதல் 170 டன் வரை இருக்கலாம் என்றார்கள். ஒரு யானை 4 டன் என்று வைத்துக்கொண்டால், குறைந்த கணக்கிலேயே 27 யானை எடை!

மூக்கில் ஏறிய கட்டை விரல்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த ஒரு சோறு, குழம்பு என்னவென்று சொல்லாதே!

இங்கிலாந்தில் மாண்டெல் என்ற மருத்துவர் 1825-ல் 'இகுவனோடான்' என்ற டைனோசாருக்குப் பெயர் வைத்தார். அதுவும் தழை தின்னும் பிராணி. கூரான எலும்பு ஒன்று தனியாகக் கிடைத்தது. காண்டாமிருகத்தின் கொம்பு போல அதை மூக்கின் மேல் வைத்தார்கள். 1854-ல் லண்டனில் கொம்போடு சிலையும் நின்றது. 1878-ல் பெல்ஜியம் நாட்டு நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் அதே இனத்தின் முழு எலும்புக்கூடுகள் அகப்பட்டன. அப்போதுதான் உண்மை தெரிந்தது. அது கொம்பே அல்ல. கையின் கட்டை விரல்!

நம் நாட்டிலேயே இன்னொன்று. கோதாவரிப் பக்கத்தில் 'பாராபாசாரஸ்' என்ற தழை தின்னி கிடைத்தது. கவி தாகூரின் பெயரையும் அதற்குச் சேர்த்து வைத்தார்கள். சுமார் 300 எலும்புகள் அகப்பட்டன. ஆனால் தலை கிடைக்கவில்லை! சில பற்கள் மட்டும் கிடைத்தன. கல்கத்தாவில் நிற்கும் அதன் எலும்புக்கூட்டின் தலை, மனிதர் ஊகித்துச் செய்ததுதான்.

கை நழுவிய செல்வம்

கல்லமேட்டுப் பிராணிக்கோ பல் கூட இல்லை. தோலின் நிறம் என்ன? யாரும் அறியார். இதைவிட வருத்தம் ஒன்று உண்டு. அந்த எலும்புகளே இன்று இல்லை! மழையில் ஊறும் மண்ணில் கிடந்து, உறுதி இழந்து போயிருந்தன. கட்டி எடுத்த கட்டுக்குள்ளேயே பொடிந்துவிட்டன.

"அவை எலும்புதானா, கல்லான மரமா?" என்று கூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். பதில் சொல்ல எலும்பு இல்லை. தோண்டியபோது எடுத்த பழைய புகைப்படங்கள் 2022-ல் வெளிவந்தன. எலும்புதான் என்பதற்கு அவை பலம் சேர்த்தன. ஆனால் புகைப்படத்தை மறுபடி அளக்க முடியுமா? எடைக் கணக்கில் 60 டன் இடைவெளி விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே, அந்தப் பக்கத்தில் கிணறு வெட்டுகிறவர்கள், வயல் உழுகிறவர்கள் கவனிக்க வேண்டும். விசித்திரமான கல் தென்பட்டால் உடைக்காதீர்கள், பெயர்க்காதீர்கள். கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டுத் தாசில்தாருக்குச் சொல்லுங்கள். அடுத்த மழைக்கு முன் அறிஞர்கள் வந்து பார்க்கட்டும். கிடைக்காத அந்தத் தலை அதுவாகவே இருக்கலாம்!