கடன் சாகவில்லை, கதவு சாத்தப்பட்டது!

கூட்டம் முடிந்து மேடையை விட்டு இறங்கியபோது, மூதாட்டி ஒருவர் மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். புரோநோட்டு! இட்லி விற்றுச் சேர்த்த 25,000 ரூபாயை உறவுக்காரர் ஒருவருக்குக் கொடுத்திருக்கிறார். இரண்டாண்டுகள் வட்டி வந்தது, பிறகு நின்றது. கேட்டபோதெல்லாம், "அறுப்பு முடியட்டும், அத்தை" என்றாராம். நான்காவது ஆண்டில், "கோர்ட்டில் பார்த்துக்கொள்" என்கிறாராம்!

"கையெழுத்து இருக்கிறதே தம்பி, போதாதா?" என்றார்.

கையெழுத்து இருந்தது. ரெவின்யூ ஸ்டாம்பு இருந்தது. காலம்தான் இல்லை!

தோழர்களே! 1963இல் இயற்றப்பட்டு, 1964 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது காலவரையறைச் சட்டம். கேட்கும்போது தருவதாக எழுதிய நோட்டுக்கு, எழுதிய நாளிலிருந்து 3 ஆண்டுகள்தான் கெடு. கேட்ட நாளிலிருந்து அல்ல, ஏமாந்த நாளிலிருந்தும் அல்ல! கெடு தாண்டிய வழக்கை, எதிராளி வாய் திறக்காவிட்டாலும் நீதிமன்றம் தள்ளியாக வேண்டும்.

கொடுமையல்லவா என்று கொதிப்பீர்கள். மறுபக்கத்தையும் பாருங்கள்! பாட்டன் வாங்கிய கடனுக்காகப் பேரனின் பசுவை ஓட்டிச் சென்ற லேவாதேவிக்காரர்களை நாடு கண்டதில்லையா? சாட்சி செத்து, ரசீது செல்லரித்த பிறகு வழக்குத் தொடுத்தால், ஏழை எதைக் காட்டி மறுப்பான்? காலவரையறை ஏழைக்கும் கேடயம். ஆனால் அந்தக் கேடயம் அறிந்தவன் கையில் அடங்குகிறது. அறியாதவன் தலையில் விழுகிறது!

நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். பின்புறம் வெறுமை. 3 ஆண்டு முடியுமுன், கொடுத்த வட்டியைக் கடன்காரர் தம் கையாலே எழுதி வரவு வைத்திருந்தால், அல்லது ஒப்புக்குக் கையொப்பமாவது இட்டிருந்தால், அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு பிறந்திருக்கும். "கடன் உண்டு" என்று ஒரு கடிதத்தில் ஒப்பமிட்டிருந்தாலும் போதும். உறவு கெடுமே என்று கேட்கவில்லை. உறவும் கெட்டது, பணமும் போனது!

மற்றக் கெடுக்களையும் மனத்தில் எழுதுங்கள். பறிபோன நிலத்தை உரிமையைக் காட்டி மீட்க 12 ஆண்டு. அடமானம் வைத்த நிலத்தைத் திருப்ப 30 ஆண்டு. பணத்துக்குப் பெற்ற தீர்ப்பை நிறைவேற்ற 12 ஆண்டு. மேல்முறையீடு தாமதமானால், தக்க காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கலாம். மூல வழக்குக்கு அந்த மன்னிப்பு இல்லை.

குற்ற வழக்கில்? 2024 சூலை முதல் நாளிலிருந்து நடப்பிலுள்ள நாகரிகச் சுரட்சா சன்ஹிதா, பழைய 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் கணக்கையே சொல்கிறது. பெயரை வடமொழியாக்கினார்கள், கெடுவை மாற்றவில்லை! அபராதம் மட்டுமே தண்டனையானால் 6 மாதம். ஓராண்டு வரை சிறையானால் 1 ஆண்டு. அதற்கு மேல் மூன்றாண்டு வரை சிறையானால் 3 ஆண்டு. கொலை, கொள்ளை போன்ற கொடுங்குற்றங்களுக்குக் கெடுவே இல்லை. புகார் கொடுத்த நாளே கணக்கு என்று உச்சநீதிமன்றம் 2013இல் தெளிவாக்கியது.

மூதாட்டிக்கு என்ன சொன்னேன்? "அம்மா, கடன் சாகவில்லை, கோர்ட்டுக் கதவுதான் சாத்தப்பட்டது. காலம் கடந்த கடனைத் தருவதாக அவர் புதிதாக எழுதிக் கையொப்பமிட்டால், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி அது செல்லும். ஊர்ப் பெரியவர்களோடு போய்க் கேளுங்கள். பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் குழுவிடமும் செல்லுங்கள்."

வள்ளுவர் காலமறிதலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். நம் கடைகளில் விற்கும் புரோநோட்டுப் படிவத்தில், "3 ஆண்டில் காலாவதி" என்று தமிழில் ஒரு வரி அச்சிட்டால் மை தீர்ந்துவிடுமா? இதை நாம் கேட்போம், மன்றந்தோறும் கேட்போம்!

அதுவரை காத்திராதீர்கள். இன்றிரவே பெட்டியைத் திறவுங்கள். நோட்டை எடுங்கள். நாளைப் பாருங்கள்!