வலி மாத்திரையைத் திடீர்னு நிறுத்தலாமா? மனசுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

ஆபரேஷனுக்குப் பிறகோ, தீராத முதுகுவலிக்கோ டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை. மாசக்கணக்கில் சாப்பிட்டாச்சு. ஒருநாள் 'இதுக்கு அடிமையாகிடுவோமோ' என்ற பயம் வருகிறது. மறுநாளே மொத்தமாக நிறுத்திவிடுகிறோம். நல்ல முடிவு மாதிரிதான் தெரியும். ஆனால், அது ஓபியாய்டு வகை மாத்திரை என்றால் விஷயமே வேற.

பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக் எல்லாம் ஓபியாய்டு கிடையாது. மார்ஃபின், ஆக்ஸிகோடோன், ஃபென்டனில், டிரமடால்... இவைதான் அந்தக் குடும்பம். டிரமடால், பாராசிட்டமாலுடன் சேர்ந்து ஒரே மாத்திரையாகவும் வருகிறது. அதனால், ஓபியாய்டு என்று தெரியாமலே சாப்பிடுபவர்கள் உண்டு. 2018-ல் மத்திய அரசு இதைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. உங்க வீட்டு மாத்திரை அட்டையை ஒருமுறை திருப்பிப் படிச்சுப் பாருங்க.

சரி, மனசு எங்கே வருது? இந்த மருந்து மூளையில் போய் உட்காரும் இடங்கள் வலியை மட்டும் பார்த்துக்கொள்வதில்லை. நிம்மதி, சந்தோஷம் போன்ற உணர்வுகளிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. நாள்பட சாப்பிடும்போது மூளை மருந்துக்குப் பழகிவிடும். சட்டென்று நிறுத்தினால் வலி வேகமாகத் திரும்பும். தூக்கம் போகும். வியர்வை, வயிற்றுப்போக்கு, படபடப்பு வரும். கூடவே 'இனி எதுவுமே சரியாகாது' என்ற எண்ணமும் வரலாம். ஏற்கெனவே மனச்சோர்வு இருப்பவர்களுக்கு இது இன்னும் ஆபத்து.

அமெரிக்கா இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. 1990-களில் தொடங்கி அங்கே இந்த மாத்திரைகளைத் தாராளமாக எழுதித் தள்ளினார்கள். மரணங்கள் பெருகவும், 2016-ல் கட்டுப்பாட்டு வழிகாட்டுதல் வந்தது. உடனே சில டாக்டர்கள் நோயாளிகளின் மருந்தை ஒரேயடியாக வெட்டினார்கள். விளைவு, 2019-ல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரிக்கை விட்டது: திடீரென நிறுத்தியதால் கடும் வலி, மன உளைச்சல், தற்கொலை வரை நடந்திருக்கிறது.

2021-ல் 'ஜாமா' மருத்துவ இதழில் வந்த ஆய்வு, அதிக டோஸில் இருந்த 1.13 லட்சம் பேரின் பதிவுகளை அலசியது. டோஸ் குறைக்கப்பட்டவர்களிடம் மனச்சோர்வு, பதற்றம், தற்கொலை முயற்சி போன்ற நெருக்கடிகள் ஆண்டுக்கு 100 பேருக்கு 7.6. குறைக்காதவர்களிடம் 3.3. மருந்தைக் குறைத்ததுதான் காரணம் என்று இதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. பிரச்னை இருந்தவர்களுக்கே டோஸைக் குறைத்திருக்கவும் வாய்ப்புண்டு. ஆனாலும், அலட்சியப்படுத்தும் எண்கள் இல்லை இவை.

அதுக்காக, காலம் முழுக்கச் சாப்பிடணுமா? இல்லை. டாக்டரிடம் பேசி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். ஒரு வருஷத்துக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு மாதம் 10 சதவிகிதம் அல்லது அதைவிட மெதுவாகக் குறைக்கச் சொல்கிறது அமெரிக்க வழிகாட்டுதல். மது, தூக்க மாத்திரையை இதோடு சேர்க்கவே கூடாது, மூச்சு அடங்கிவிடலாம். மிச்சமான மாத்திரைகளை வீட்டில் சேர்த்துவைக்க வேண்டாம். குறைக்கிற நாள்களில் வீட்டில் யாருக்காவது சொல்லிவையுங்க. 'வாழவே பிடிக்கல' என்று அவர் சொன்னால், வலியில் புலம்புகிறார் என்று விட்டுவிடாமல், உட்கார்ந்து நேரடியாகக் கேளுங்கள். அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

(அப்படிப்பட்ட எண்ணம் உங்களுக்கோ, உடன் இருப்பவருக்கோ வந்தால் 14416 அல்லது 104-க்கு அழைக்கலாம்.)