பந்துப் பாம்பின் உணவு முறை

மலைப்பாம்பை வீட்டில் வளர்ப்போர் முதலில் கேட்கும் கேள்வி, அதற்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை இரை கொடுக்க வேண்டும் என்பதே. நாளுக்கு மூன்று வேளை உண்டு பழகிய நமக்கு, ஓர் உயிரை வாரக்கணக்கில் பட்டினி போடுவது கொடுமையாகவே தோன்றும். அந்த இரக்கத்தால் அடிக்கடி இரை கொடுத்துப் பாம்பை நோயாளியாக்கி விடுவோர் பலர்.

சிங்கப்பூரில் பாம்பு வளர்ப்பதற்குச் சட்டம் இடந்தரவில்லை. மலேசியாவில் வனவிலங்குத் துறையின் உரிமம் பெற்றே வளர்த்தல் வேண்டும். ஆயினும், நம் மாணவர்கள் இப்பாம்பைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு வந்து வகுப்பில் வினாமேல் வினா தொடுக்கின்றனர். விடை கூற வேண்டிய ஆசிரியர் அதன் காரணத்தையும் அறிந்திருத்தல் நலம்.

மலைப்பாம்பை மலைபடுகடாம் 'மாசுணம்' எனக் குறிக்கின்றது. அந்தப் பெயருக்குரிய பேருருவம் இங்கே பேசப்படும் பாம்புக்கு இல்லை. இது மேற்கு ஆப்பிரிக்காவில் கானா, தோகோ, பெனின், நைஜீரியா முதலிய நாடுகளின் புல்வெளிகளில் வாழ்வது. வளர்ந்த பாம்பின் நீளம் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து அடிக்குள் அடங்கும். அச்சமுற்றால் தலையை உள்ளே மறைத்துக்கொண்டு உடலைப் பந்துபோற் சுருட்டிக் கொள்ளும். ஆதலின் பந்துப் பாம்பு என்னும் பெயர் பெற்றது. பெனினில் உவிடா என்னும் ஊரில் இதற்குக் கோயிலே உண்டு. அங்குள்ள பாம்புகளை இரவில் வெளியே விடுவார்கள். ஊருக்குள் சென்று எலி பிடித்துத் தின்னும். திரும்பி வராதவற்றை மக்களே எடுத்துவந்து சேர்ப்பார்கள்.

இப்பாம்பு இரையைத் துரத்திப் பிடிப்பதன்று. எலி வளையிலோ கறையான் புற்றிலோ பகலெல்லாம் கிடந்து, இரவில் ஓரிடத்தில் அசையாது காத்திருந்து, அருகில் வருவதைக் கவ்வும். சிறியவை மரமேறிப் பறவைக் குஞ்சுகளையும் உண்பதுண்டு. காத்திருப்பவனுக்கு இரை என்று கிடைக்கும் என்பது உறுதியில்லை அல்லவா? அதற்கேற்பவே அதன் உடல் அமைந்துள்ளது. நாம் உண்ணும் உணவில் பெரும்பகுதி உடலைச் சூடாக வைத்திருப்பதற்கே செலவாகின்றது. பாம்புக்கு அச்செலவு இல்லை. சூட்டை அது வெளியிலிருந்து பெற்றுக்கொள்கின்றது.

இதனினும் வியப்பானது அதன் குடல். பந்துப் பாம்பின் இனத்தைச் சேர்ந்த பர்மிய மலைப்பாம்பை ஸ்டீபன் சீகோர், ஜாரட் டைமண்ட் என்னும் அமெரிக்க அறிஞர்கள் 1990களில் ஆராய்ந்தனர். உண்ணாத காலத்தில் அப்பாம்பின் செரிமான உறுப்புகள் ஏறக்குறைய கடையை மூடிவிட்டு உறங்குகின்றன. வயிற்றில் அமிலம் சுரப்பதில்லை. குடல் சுருங்கிக் கிடக்கின்றது. இரை உள்ளே சென்றதும் அமிலம் பெருகுகின்றது. ஓரிரு நாளில் சிறுகுடலின் எடை ஏறத்தாழ இருமடங்காகின்றது. பேரிரை விழுங்கிய பாம்பின் உயிர்வளிச் செலவு நாற்பது மடங்குக்கு மேலும் உயர்ந்தது. இதயமும் இரண்டு நாளில் நூற்றுக்கு 40 பங்கு பருத்தது என்று 2005ஆம் ஆண்டு ஓர் ஆய்வு கூறிற்று. பின்வந்த ஆய்வுகளில் அவ்வளவு பெருக்கம் எப்போதும் காணப்படவில்லை. செரிமானம் முடிந்தபின் எல்லாம் பழையபடி சுருங்கி விடுகின்றன. செம்பனைத் தோட்டத்தில் வயிறு புடைத்துக் கிடக்கும் நம் நாட்டு மலைப்பாம்பைக் கண்டவர்கள், அது சோம்பிக் கிடக்கின்றது என்பர். உண்மையில் அதன் உடல் அப்போதுதான் கடுமையாக உழைக்கின்றது. அவ்வுழைப்புக்குப் பின் ஓய்வு வேண்டும்.

இனிக் கணக்குக்கு வருவோம். முட்டையிலிருந்து வந்த குஞ்சு, ஒரு வாரம் பத்து நாளில் முதற் சட்டையை உரித்தபின்னரே இரை தேடும். அதன் எடை 50, 60 கிராம் இருக்கும். தன் எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்குள்ள சிறு சுண்டெலி ஒன்றை வாரம் ஒருமுறை கொடுத்தால் போதும். ஆண்டொன்று கடந்தபின் பத்து முதல் பதினான்கு நாளுக்கு ஒருமுறை. முழு வளர்ச்சியடைந்த பாம்புக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, தன் எடையில் நூற்றுக்கு 5 பங்களவு இரை. அஃதாவது 1,500 கிராம் எடையுள்ள பெண் பாம்புக்கு 75 கிராம் எலி ஒன்று, மூன்று வாரத்துக்கு. 'அவ்வளவுதானா?' என்று எவரும் கேட்பர். ஆம், அவ்வளவுதான். இரையின் பருமன் பாம்பின் உடலில் மிகத் தடித்த இடத்தின் பருமனை விஞ்சலாகாது. குடிநீர் மட்டும் எந்நாளும் இருத்தல் வேண்டும். பால் ஊற்றலாமா என்று நம் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். பால் பாம்பின் உணவன்று.

நாட்கணக்கைவிடக் கண்ணால் காண்பது மேல். முதுகெலும்பு கூரைபோல் எடுத்து நின்றால் பாம்பு மெலிந்துள்ளது. உடல் மிதமாக உருண்டிருந்தால் நலம். முதுகெலும்பு பள்ளத்தில் அமிழ்ந்து, செதில்களுக்கிடையே தோல் தெரிந்து, வளையும்போது மடிப்பு விழுந்தால், கொழுப்பு மிகுந்துவிட்டது என்று பொருள். அக்கொழுப்பு ஈரலிலும் படியும். பெட்டிக்குள் அடைபட்ட பாம்புக்கு அதைக் கரைக்க ஓடியாடும் வேலை ஏதும் இல்லை. விரைந்து வளர்த்துக் குஞ்சு பொரிக்க வைக்க விரும்பும் வணிகர் சிலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. இத்தனைக்கும் இது முப்பது ஆண்டு வாழக்கூடிய உயிர். அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலைக்கு 1961இல் வந்த பெண் பாம்பொன்று, 2020இல், அறுபது வயதைத் தாண்டிய பின், பல்லாண்டுகளாக ஆண் துணையின்றியே ஏழு முட்டைகள் இட்டது!

பந்துப் பாம்பு இரை மறுப்பதிலும் பேர்போனது. இணைசேரும் பருவத்தில் ஆண் பாம்பு மாதக்கணக்கில் உண்ணாமலிருக்கும். பெண், முட்டைகளைச் சுற்றிக் காக்கும் இரண்டு மாதமும் பெரும்பாலும் உண்பதில்லை. சட்டை உரிக்கும் நாட்களிலும் அப்படியே. இக்காலங்களில் பதறி இரையை மாற்றி மாற்றி நீட்டுவது அதை மேலும் அஞ்சச் செய்யும். மாதம் ஒருமுறை தராசில் நிறுத்து எழுதி வைத்தல் வேண்டும். எடை நூற்றுக்குப் பத்துப் பங்கு குறைந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுக. அதற்குமுன் அறையின் வெப்பத்தைப் பார்த்தல் முறை. பெட்டியின் ஒரு பக்கம் 32 பாகை வெப்பம் இருந்தாலன்றி அதற்குச் செரிக்காது. நம் நாட்டு வெயிலில் குறையொன்றுமில்லை. இரவெல்லாம் குளிர்சாதனம் ஓடும் அறையில்தான் தொல்லை. செரியாத எலி வயிற்றுக்குள் அழுகும்; பாம்பு அதைக் கக்கிவிடும். கக்கிய பாம்புக்கு இரக்கப்பட்டு மறுநாளே வேறோர் எலி கொடுப்பது பெருந்தீங்கு. இரு வாரம் நீர் மட்டும் வைத்து, பின்பு சிறிய இரையில் தொடங்குக. இரை செத்ததாகவே இருக்கட்டும். உறைபனியில் வைத்ததை நன்கு இளக்கிச் சூடாக்கிக் கொடுப்பர். உயிருள்ள எலியைப் பசியற்ற பாம்போடு இரவு முழுதும் அடைத்து வைத்தால், விடிந்து பார்க்கையில் கடியுண்டு கிடப்பது பாம்பாகவே இருக்கும்.