மீன் வந்தால்தான் குழம்பு!

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் சிலருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. கோழி கூவுமுன் எழுந்து, கொட்டாங்கச்சியோடு கொல்லைப்புறம் போவார்கள். ஈர மண்ணைக் கிளறி மண்புழு பிடிப்பார்கள். மற்ற நாளில் "வாழைக்கன்று வைக்கக் குழி தோண்டுங்கள்" என்றால் முதுகு வலிக்கும். அன்று மட்டும் வலிக்காது!

இவர்கள் மீனவர்கள் அல்ல. மீனவருக்கு அது உயிரைக் கொடுத்துச் செய்யும் தொழில். நாம் சொல்வது, ஆறு நாள் கணக்கு எழுதிவிட்டு, ஏழாம் நாள் தூண்டிலோடு ஏரிக்கரையில் உட்காரும் ஆசாமியை.

"மசாலா அரைத்து வை. விராலோடு வருகிறேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் புறப்படுவார். அந்த அம்மாளும் மசாலா அரைப்பாள், புளி கரைப்பாள். கூடவே இரண்டு வாழைக்காயும் வாங்கி வைப்பாள். கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகிவிட்டதல்லவா?

வீட்டில் காப்பி இரண்டு நிமிஷம் தாமதமானால் சத்தம் போடுகிறவர், கரையில் நாலு மணி நேரம் வாய் திறக்க மாட்டார். கண்ணெல்லாம் தக்கைமேல்தான். கூட வந்த மகன் இருமினால், "உஷ்! மீன் ஓடிவிடும்" என்பார். உண்மையில் கரையில் நாம் பேசும் சத்தம் தண்ணீருக்குள் அதிகம் இறங்குவதில்லை. தடதடவென்று நடந்தால்தான் அந்த அதிர்வு மீனுக்குத் தெரியும். தக்கை அசைந்ததும் துள்ளிக் குதிப்பவர் யார்? இவர்தான்!

பெரும்பாலும் சிக்குவது உள்ளங்கை அகல ஜிலேபிக் கெண்டை. ஆப்பிரிக்க மீன் அது. 1952-ல் நம் நாட்டுக்கு வந்தது. கெளுத்தி மாட்டினால், மீனைவிடப் பிடித்தவர் அதிகம் துள்ளுவார். அதன் துடுப்பு முள் அப்படி! விராலோ காற்றையே சுவாசிக்கும். செத்துவிட்டது என்று பையில் போட்டால், பாதி வழியில் நழுவிப் புல்லுக்குள் போய்விடும்.

தப்பிய மீன் வளரும். கரையில் ஒரு முழம். டீக்கடையில் இரண்டு முழம். வீட்டு வாசலில் கை விரிக்க இடம் போதாது.

மெய்யாகவே பெரிய மீன் பிடித்தவரும் உண்டு. 1946-ல் மைசூர் வான் இங்கன் என்பவர், காவிரியின் துணையாறான கபினியில் 120 ராத்தல் மஷீர் மீனைத் தூண்டிலில் பிடித்தார். 54 கிலோ, ஓர் ஆள் எடை! காவிரிக்கே உரிய, திமில் வைத்த அந்த மஷீர் இன்று அழியும் நிலையில் இருக்கிறது. 2018-ல் உலகச் சிவப்புப் பட்டியலிலும் ஏறிவிட்டது. அதனால் அது மாட்டினாலும் ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்கிறார்கள்.

இந்தச் சங்கதி நம் ஆசாமிக்கு நல்ல வசதியாகப் போயிற்று. "எங்கே மீன்?" என்று மனைவி கேட்டால், "பாவம் என்று விட்டுவிட்டேன்" என்கிறார்!

மகனுக்கு மீன் கிடைத்தாலும் ஒன்றுதான், கிடைக்காவிட்டாலும் ஒன்றுதான். தினமும் இருட்டிய பிறகு வீடு திரும்பும் அப்பா, அன்று அரை நாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். புழுக் கோர்க்கக் கற்றுக் கொடுக்கிறார். சனிக்கிழமை இரவே கொட்டாங்கச்சியைத் தேடி வைப்பவன் அவன்தான்.

"நிஜமாடா?" என்று அம்மா அவனைக் கேட்கிறாள்.

பையன் அப்பாவைப் பார்க்கிறான். பிறகு இரண்டு கையையும் அகல விரிக்கிறான்.

"ஆமாம் அம்மா, இவ்வளவு பெரிசு!"